பிணத்துக்கு ஒரு வசனம்

எங்கள் ஊரில் கேஷாவைப் போல அழகாகச் சாகிறவன் யாருமில்லை. நான் சொன்னால் நம்பலாம். வாழ்நாள் முழுக்க சினிமாவில் பொய்க்காயம் வரைந்து பிழைத்தவள் நான். கத்திக்குத்து, துப்பாக்கிச்சூடு, காரோடு வெடித்தது, மீன்முள் தொண்டையில் சிக்கியது என்று எல்லா விதமாகவும் ஆட்களைச் சாகடித்திருக்கிறேன். பெரிய நடிகர்களுக்குச் சாகத் தெரியாது. இமை துடிக்கும், வயிறு ஏறி இறங்கும், ஈ உட்கார்ந்தால் மூக்கைச் சுளிப்பார்கள். கேஷாவின் மூக்கில் ஒருமுறை குளவியே உட்கார்ந்து, சாவகாசமாகக் கன்னம் வரை நடந்து போனது. அவன் அசையவில்லை. நான்தான் கத்தி அந்த ஷாட்டைக் கெடுத்தேன்.

முழுப்பெயர் இன்னொகென்தி ஸாவ்விச். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்று எல்லோரும் கேஷா என்றே கூப்பிட்டோம். யெகாதெரின்பர்க்கின் பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவன். சோவியத் நாடு உடைந்து, ஊர்ப் பெயர் மாறி, தொழிற்சாலை மூச்சுத் திணற ஆரம்பித்ததும் சம்பளத்துக்குப் பதில் அலுமினியச் சட்டிகளைக் கொடுத்தார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கேஷாவுக்கு உயிரோடு இருந்தவரை சட்டிதான் கிடைத்தது. செத்த பிறகுதான் வீட்டில் இறைச்சி வெந்தது.

அது நடந்த விதம் இதுதான். ஓடாமல் கிடந்த அவன் பட்டறையில் நாங்கள் படம் எடுக்கப் போனோம். பிணமாகப் படுக்க வேண்டிய நடிகர் குடித்துவிட்டுக் குறட்டை விட்டார். உலுக்கினோம், தண்ணீர் ஊற்றினோம், பிணம் எழுந்து எங்களையே திட்டியது. அங்கே காவலுக்கு நின்ற கேஷா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"நான் வேணா படுக்கட்டுமா? சும்மாதானே நிக்கிறேன்" என்றான்.

படுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐயோ, என் கைவேலைக்கு அப்படி ஒரு சுவர் அதற்கு முன் கிடைத்ததே இல்லை! அன்றிலிருந்து எங்கள் ஊரில் எடுத்த படங்களிலெல்லாம் பிணம் என்றால் கேஷாதான்.

அந்தக் காலத்துப் படங்களெல்லாம் ஒரே வார்ப்பு. தோல் ஜாக்கெட் போட்ட முட்டாள்கள் ஒரு பெட்டியைத் தேடுவார்கள், தப்பான ஆளைச் சுடுவார்கள், பிறகு பிணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாயில் ஒளித்துவைப்பார்கள். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காலையில் வாசலில் நடந்ததைச் சாயங்காலம் திரையில் பார்த்துச் சிரிக்காமல் வேறென்ன செய்வது? அழுவதற்குத்தான் வீடு இருக்கிறதே.

ஒவ்வொரு முறை செத்து முடித்ததும் கேஷா எழுந்து கேமராவைப் பார்த்து நாக்கை நீட்டுவான். அது எங்கள் தொழில் வழக்கம். செத்தவனை உயிரோடு ஒருதரம் படம் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாவு அடையாளம் வைத்துக்கொண்டு வீடு தேடி வரும். கேஷா அதைச் சிரத்தையாகச் செய்வான். மற்றபடி அவனுக்குக் குறை ஒன்றே ஒன்றுதான். அவன் மனைவி ராயா அவன் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

"என் புருஷன் பொணமாக் கெடக்குறதப் பாக்க நான் டிக்கெட் வேற எடுக்கணுமா? எந்திரிச்சு ஒரு வார்த்த பேசுற படம் வரட்டும், மொத வரிசையில உக்காந்து பாக்குறேன்" என்பாள்.

ராயா சொன்னால் சொன்னதுதான். கேஷாவும் ஒவ்வொரு இயக்குநரிடமும் கேட்டுப் பார்த்தான். பிணத்துக்கு எதற்கடா வசனம் என்று சிரித்தார்கள். கடைசியில் யாரிக் என்ற இளம் இயக்குநர், தலைமுடியும் வாயும் அடங்காத பையன், ஒரு கதையோடு வந்தான். கும்பல் தலைவன் ஒருவன் பொய்யாகச் சாகிறான். சவப்பெட்டியில் படுத்தபடி, யார் உண்மையாக அழுகிறார்கள் என்று காதால் கேட்டுக்கொண்டிருக்கிறான். இறந்தவனுக்கென்று மேல் ரொட்டித்துண்டு வைத்து மூடிய வோட்கா கிளாஸ் மேஜையில் இருக்குமல்லவா, அதை ஒரு திருட்டுப்பயல் தொடுகிறான். உடனே பிணம் எழுந்து உட்கார்ந்து, "வை கீழ. அது என்னோட கிளாஸ்" என்கிறது.

அதைக் கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஊரில் எவனும் எதையும் திருடுவான், சர்ச் மணியைக்கூட. ஆனால் செத்தவன் கிளாஸைத் தொடமாட்டான்.

கேஷாவுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் சட்டிகளை வரிசையாக வைத்து அவற்றிடம் வசனம் பேசினான். "வை கீழ" என்பதை மெதுவாகச் சொல்வதா, அதட்டிச் சொல்வதா என்று என்னைக் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தான். "செத்தவன் எதுக்குடா கத்தணும்? மெதுவாச் சொல்லு, தானா நடுங்குவானுங்க" என்றேன். அதைப் பிடித்துக்கொண்டான்.

மே மாதத்துக் காலை, வெயில் அடிக்கிறது, பனி உருகிய சேற்றில் கால் வழுக்குகிறது. ஊருக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டத்தில், சுடப்பட்டுச் செத்த கும்பல்காரர்களின் அந்த வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ஆளுயரக் கறுப்புக் கல்லில் விளையாட்டு உடுப்பும் கழுத்துச் சங்கிலியும் விரலில் கார்ச்சாவியுமாக வாலிபர்கள் நிற்பார்கள். அங்கேதான் எடுப்பேன் என்று யாரிக் ஒற்றைக்காலில் நின்றான். கேஷாவின் உருவத்தையும் சாவியோடு ஒரு போலிக் கல்லில் செதுக்கி நட்டாயிற்று. கல்லறைத் தோட்டத்து மேலாளர் ஒரு நிபந்தனை போட்டார். சர்ச்சுக்கு வருகிறவர்கள் கண்ணில் கேமரா படக்கூடாது. அதனால் கேமராவை ஒரு ரொட்டி வண்டிக்குள் வைத்து, பின்கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தோம். பிலிமும் கடைசிச் சுருள். ஒரே தடவைதான் எடுக்க முடியும்.

நெற்றியில் குண்டு ஓட்டை வேண்டும் என்றான் யாரிக். சவக்கிடங்கில் அதை மூடித்தான் அனுப்புவார்கள் என்றேன். "ஓட்டை தெரியலன்னா ஜனம் எப்படி சிரிக்கும் ஸினாக்கா?" என்றான். சரி, எனக்கென்ன. மெழுகும் ராஸ்பெர்ரி ஜாமும் வைத்து அருமையான ஓட்டை ஒன்று செய்தேன். ஜாம் வழிந்தால் துடைப்பதற்காக என்னையும் கறுப்பு முக்காடு போட்டுப் பெட்டியின் தலைமாட்டில் நிறுத்தினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் மேஜை, அதன்மேல் ரொட்டித்துண்டு மூடிய கிளாஸ். சுற்றிலும் வாடகைத் தோல் ஜாக்கெட்டில் துணை நடிகர்கள். கிளாஸைத் தொட வேண்டிய திருட்டுப்பயல் வேஷம், நாடகக் கொட்டகையில் டிராம்போன் வாசிக்கும் ஃபதேய்க்கு.

ரொட்டி வண்டிக்குள்ளிருந்து கேமரா கிர்ரென்று ஓடத் தொடங்கியது. அதே நேரம் மூன்று கறுப்புக் கார்கள் வந்து நின்றன.

இறங்கியவனைப் பார்த்தேன். சம்மட்டி! ஊர்ச் சந்தையைக் கையில் வைத்திருந்தவன், சம்மட்டி என்று பட்டப்பெயர் வாங்கிய நிஜக் கும்பல் தலைவன். கையில் பூங்கொத்து, பின்னால் அவன் ஆட்கள். அன்று அவன் அண்ணனின் நினைவு நாள். அண்ணன் கல் எங்கள் போலிக் கல்லுக்கு நாலைந்து கல் தள்ளி நிற்கிறது. இது எங்களுக்கு எப்படித் தெரியும்? யாரிக்குக்கு வெயில், மேகம் எல்லாம் தெரியும், இது தெரியாது.

ஒரு சாவைப் பார்த்தபின் கடந்துபோகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அதுவும் தன் வரிசையில், தன் அந்தஸ்துள்ள ஒருவன் பெட்டியில் கிடக்கும்போது. சம்மட்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேராக வந்தான். எங்கள் துணை நடிகர்கள் தோல் ஜாக்கெட்டுக்குள்ளேயே சுருங்கினார்கள். ஃபதேய் டிராம்போன் ஊதும்போது செய்வதைப் போலக் கன்னத்தை உப்பிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

சம்மட்டி கேஷாவின் முகத்தைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஆளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஆனால் இவ்வளவு பெரிய கல் வைத்த ஒருவனைத் தெரியாது என்று அவன் தன் ஆட்கள் முன்னால் சொல்ல முடியுமா? மானம் போய்விடாதா?

"ப்ச்… இவனையுமா தூக்கிட்டானுங்க" என்றான் சம்மட்டி.

"உங்களுக்குத் தெரிஞ்சவராண்ணே?" என்று கேட்டான் ஒரு பருத்த பையன். அவனைப் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். அப்போதே அழ ஆரம்பித்திருந்தான்.

"தெரிஞ்சவனா? ஒரே கொட்டடியில கெடந்தோம்டா! வடக்க, அந்தக் குளிர்ல. ஒரு ரொட்டிய ரெண்டாப் பிச்சுத் தின்னுருக்கோம்."

தலைவனே தெரியும் என்றபின் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவன், "எனக்குக்கூட கஸான்ல ஒரு தடவ உதவி பண்ணாரு" என்றான். இன்னொருவன், "என் கல்யாணத்துல இவருதான் ஆடுனாரு" என்றான். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டிய கேஷா கண்மூடித் திறப்பதற்குள் வடக்கே சிறையிருந்து, கஸானில் சண்டை போட்டு, கல்யாணத்தில் ஆடிவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அடக்க நான் குலுங்கியதை அழுகை என்று நினைத்து ஒருவன் என் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"ஓட்டைய மறைக்காம வெச்சிருக்காங்க பாரு. அதுதான்டா கெத்து" என்று சொல்லிவிட்டு சம்மட்டி குனிந்தான். கடைசி முத்தம். நேராக ஓட்டையின் மேலேயே.

நிமிர்ந்தபோது அவன் உதட்டில் ஜாம். நாக்கால் நக்கினான். நின்றான். இன்னொரு தரம் நக்கினான்.

"இனிக்குதே" என்றான் என்னைப் பார்த்து.

அந்தப் பதில் என் வாயில் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "தேன் தடவுனோம் தம்பி. அவங்க குடும்ப வழக்கம்."

"எந்த ஊரு?"

"பெர்ம் பக்கம்."

"ஆங்…" என்று தலையாட்டினான். "பெர்ம்காரனுங்க அப்படித்தான்."

 என் பயமெல்லாம் எனக்காக இல்லை. பெட்டியில் கிடப்பவனுக்காக. கண்ணை மூடிக் கிடக்கிறான், யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. வந்தவர்கள் நம் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். யாராவது கிளாஸைத் தொட்டால் எழுந்துவிடுவான்! எழுந்தால், தங்களைக் கேலி செய்ய வைத்த ஏற்பாடு என்று இவர்கள் அவனை உண்மையாகவே படுக்கவைத்துவிடுவார்கள். பெட்டி தயார், கல் தயார், ஓட்டை மட்டும்தான் நிஜமாகப் போட வேண்டும். கேஷா, எழுந்திருக்காதே, கேஷா, எழுந்திருக்காதே என்று மனதுக்குள் கதறினேன். குனிந்து காதில் சொல்லலாம் என்றால் சம்மட்டி என் பக்கத்தில் அசையாமல் நிற்கிறான். ரொட்டி வண்டிக் கதவிடுக்கில் யாரிக்கின் கை தெரிந்தது. பெருவிரலை உயர்த்திக் காட்டுகிறான், படுபாவி! எங்கிருந்து பிடித்தார்கள் இவ்வளவு தத்ரூபமான நடிகர்களை என்று அவனுக்குப் பூரிப்பு.

யாரும் கிளாஸைத் தொடமாட்டார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நிஜக் கும்பல்காரர்கள், இந்த மரியாதையெல்லாம் நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள். ஆனால் பஞ்சு இருந்தானே! அழுது அழுது அவனுக்கு விக்கல் எடுத்துக்கொண்டது. கண்ணெல்லாம் நீர், எதிரே எது இருக்கிறதென்று தெரியவில்லை. குடிக்க ஏதாவது கிடைக்குமா என்று மேஜையில் துழாவினான். ரொட்டித்துண்டை எடுத்து அப்பால் வைத்தான். கிளாஸைத் தூக்கினான்.

"வை கீழ" என்றது பிணம்.

மெதுவாகத்தான் சொன்னான், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. நேராக எழுந்து உட்கார்ந்திருந்தான். நெற்றியில் பாதி ஓட்டை.

"அது என்னோட கிளாஸ்."

பஞ்சு கிளாஸை மேஜையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்துவிட்டு, பிறகுதான் மயங்கி விழுந்தான். வளர்ப்பு அப்படி. மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சம்மட்டியின் கை ஜாக்கெட்டுக்குள் போயிற்று. உள்ளே கறுப்பாக ஏதோ தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டது, வசனத்தில் இல்லாத ஒன்று.

"என்ன சம்மட்டி, அப்படிப் பாக்குற? என்னத் தெரியலையா? ஒரே கொட்டடியில கெடந்தோமே. ரொட்டிகூடப் பிச்சுத் தின்னோம்."

கண்ணைத் திறந்தேன்.  சம்மட்டியின் ஆட்கள் எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். தெரியாது என்றால் சற்றுமுன் புளுகியது அம்பலமாகும். தெரியும் என்றால் சுட முடியாது. இருதலைக்கொள்ளி எறும்பு! ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கை மெதுவாக வெளியே வந்தது, காலியாக.

"தெரியாமப் போவுமா!" என்று கத்தினான். "தெரியாமப் போவுமாடா! வாடா இங்க!" பெட்டியில் இருந்தவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எங்கள் துணை நடிகர்கள் கை தட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கும்பலும் கை தட்டியது. வண்டியிலிருந்து யாரிக் குதித்து, சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடிவந்தான். "பிரமாதம்! பிரமாதம்! எந்த நாடகக் கொட்டகை நீங்க எல்லாம்?"

சினிமா என்று புரிய சம்மட்டிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுவிட்டேன். கடைசியில் அவன் யாரிக்கின் காலரைப் பிடித்து அருகில் இழுத்து, தணிந்த குரலில் கேட்டான்:

"நான் நல்லா நடிச்சேனா?"

"அந்த 'இனிக்குதே' இருக்கே…" என்றான் யாரிக், கண் கலங்கி.

சம்மட்டிக்கு முகம் மலர்ந்தது. ஆனால் அண்ணனுடைய கல் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் காலரை விட்டான். பிலிம் தீர்ந்திருந்ததால் கேஷா அன்று நாக்கை நீட்டவில்லை.

சவப்பெட்டி விளிம்பில் உட்கார்ந்து அவன் நெற்றியைத் துடைத்துவிட்டேன். 

"பாவி, அவனுங்க நெசமான ஆளுங்கன்னு உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாம என்ன ஸினா? நம்ம பயலுக கிட்ட அந்த மாதிரி சென்ட் வாசனை வருமா?"

"தெரிஞ்சுமா எந்திரிச்ச!"

"கேமரா ஓடுற சத்தம் கேட்டுச்சு" என்றான். "நின்னுருந்தா எந்திரிச்சிருக்க மாட்டேன்."

படம் வந்தது. ராயா புதுத் தலைக்குட்டை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மூன்றாவது வரிசையில் சம்மட்டியும் ஆட்களும், கோட்டு சூட்டோடு, தங்கள் முகம் வரும்போதெல்லாம் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு. கேஷா எழுந்து உட்கார்ந்தபோது கொட்டகை இடிந்துவிழும்போலச் சிரித்தது. ராயா மட்டும் சிரிக்கவில்லை, பக்கத்திலிருந்த கேஷாவின் கையை நன்றாகக் கிள்ளினாள். நிஜக் கேஷாதானா என்று பார்த்தாளாம். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

சம்மட்டி அடுத்த வருடம் அதே வரிசைக்குப் போய்ச் சேர்ந்தான், அண்ணனுக்குப் பக்கத்தில். கேஷா போய் முறைப்படி நெற்றியில் முத்தமிட்டு வந்தான். இனிக்கவில்லை என்றான்.

அதற்குப் பின் கேஷா பல படங்களில் செத்தான், சிலவற்றில் பேசவும் பேசினான். போன வருடம் வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவன் பாத்தியிலேயே சாய்ந்துவிட்டான். ராயா கூடையோடு வந்து பார்த்து, "நடிச்சது போதும், மழ வருது, எந்திரி" என்று வெகுநேரம் திட்டிக்கொண்டே இருந்தாளாம். இமை அசையவில்லை. அவனுக்கு அசையாதே. அவளுக்கு எப்படித் தெரியும்?

அடக்கம் முடிந்து அவன் வீட்டில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான், முடி கொட்டிப்போன யாரிக், ஃபதேய், தொழிற்சாலைக்காரர்கள். கறுப்பு ரிப்பன் கட்டிய படம், அதன் முன்னால் ரொட்டித்துண்டு மூடிய கிளாஸ். யாரும் சாப்பிடவில்லை. எல்லோர் கண்ணும் அந்தக் கிளாஸ் மேலேயே இருந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் ஒன்றைத்தான் நினைத்தோம்.

ராயா சாவுச் சடங்குக்குச் சுடும் கோதுமைத் தோசைத் தட்டோடு வந்து நின்றாள்.

"என்ன எல்லாரும் அதையே பாக்குறீங்க? தொட்டுப் பாக்கணும்போல இருக்கா?"

ஃபதேய் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கும்தான்" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டாள். ரொட்டித்துண்டை எடுத்து அப்பால் வைத்தாள். கிளாஸைத் தூக்கினாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.  அன்று கல்லறைத் தோட்டத்தில் எழுந்திருக்காதே என்று கெஞ்சியவள் இன்று எழுந்திரு, எழுந்திரு என்று கெஞ்சினேன். யாரிக் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராயா கிளாஸைப் பிடித்தபடி வெகுநேரம் காத்திருந்தாள்.

"வீம்பு புடிச்சவன்" என்றாள் கடைசியில். "கேமரா ஓடலன்னா எந்திரிக்க மாட்டான்."

கிளாஸைப் பழைய இடத்தில் வைத்து, ரொட்டித்துண்டால் மூடினாள்.